விநாடிக்கு 45 கன அடி

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு 40 ஆயிரம் கன அடியாக உயர்ந்துள்ளது என்று மாநிலச் செய்திகளில் கேட்டு வளர்ந்த காதுக்கு, 45 கன அடி என்பது ஓர் ஆற்றின் அளவாகவே படவில்லை. சயான் தேசியப் பூங்காவில் அனுமதிச்சீட்டு வழங்கும் மேசைக்குப் பின்னால் நின்றிருந்த ரேஞ்சர் அந்த எண்ணைச் சொன்னபோது, அடுத்து வரவேண்டிய ‘ஆயிரம்’ என்ற சொல்லை அவர் விழுங்கிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் எதையும் விழுங்கவில்லை. 120 கன அடியைத் தாண்டினால் ஆற்றுக்குள் மேலிருந்து கீழே நடந்துவர யாருக்கும் சீட்டுத் தருவதில்லை என்றும், 150-ஐத் தாண்டினால் கீழ்ப்பகுதியையும் சேர்த்து மூடிவிடுவார்கள் என்றும் தொடர்ந்து சொன்னார். பக்கத்தில் நின்ற அக்கா மகனிடம், “நம்ம கன்னடியன் கால்வாயிலயே இதவிடக் கூட ஓடும்லா” என்று தமிழில் முணுமுணுத்தேன். அவன் சிரிக்கவில்லை. போன ஆண்டு நண்பர்களுடன் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு பகல் நடந்து பார்த்தவன் அவன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கிறது சயான். விவிலியத் தமிழில் நாம் சீயோன் என்று சொல்லும் அதே பெயர்தான். 1860-களில் இங்கு வந்து நிலம் திருத்திய மோர்மன் குடியேறிகள் வைத்தது. 1909-இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தபோது, பையூட் மக்களின் மொழியிலிருந்து எடுத்த முகுன்டுவீப் என்ற பெயரைத்தான் சூட்டியிருந்தது. ஆனால் 1919-இல் அது தேசியப் பூங்காவாக உயர்ந்தபோது சீயோன்தான் நின்றது. நெல்லைச் சீமையில் சீயோன் என்று பெயர் எழுதிய வீடுகளையும் வேன்களையும் பார்த்துப் பழகியவன் என்பதால், அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஊர் நினைவுதான் வருகிறது.

பூங்காவின் ஊடே ஓடும் வர்ஜின் ஆற்றின் வடகிளை, ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்த இரண்டு மணற்பாறைச் சுவர்களுக்கு நடுவே மைல் கணக்கில் ஓடிவருகிறது. சில இடங்களில் சுவருக்கும் சுவருக்கும் இடைவெளி இருபது முப்பது அடிதான். 1872-இல் இந்த இடுக்கு வழியே வந்த நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் இதற்கு நேரோஸ் என்று பெயரிட்டார். இடுக்கு என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை, தேவையுமில்லை. கீழ்முனையிலிருந்து ஆற்றுக்குள் ஏறி நடந்து பார்ப்பவர்கள் கோடைக்காலத்தில் திருவிழாக் கூட்டமாக வருகிறார்கள். அவர்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம். ஆனால் பிக் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றோடு திரும்பிவிட வேண்டும். மேல்முனையில் சேம்பர்லின் மாட்டுப்பண்ணையில் தொடங்கி 16 மைல் ஆற்றோடு இறங்கிவருவதற்குத்தான் சீட்டு. அதையும் ஒரே பகலில் ஓட்டமும் நடையுமாக முடிப்பவர்கள் உண்டு. எங்களைப்போல் முதுகில் மூட்டை சுமந்து, நடுவில் ஒதுக்கப்பட்ட பன்னிரண்டு முகாமிடங்களில் ஒன்றில் ஓரிரவு தங்குபவர்களும் உண்டு. ஓரிரவுக்கு மேல் அனுமதியில்லை. இங்கே எழுதப்போவது அந்த முதல் நாளைப் பற்றி மட்டும்.

சீட்டோடு ரேஞ்சர் இரண்டு பொருள்களைத் தந்தார். ஒன்று, மலம் கழித்து முடிந்து எடுத்துவருவதற்கான பை. ஆற்றை ஒட்டிய அந்தக் குறுகிய மணல்திட்டுகளில் குழி தோண்டிப் புதைத்தால் அது ஆற்றுக்குத்தான் போகும் என்பதால் அவரவர் கழிவை அவரவரே சுமந்து திரும்ப வேண்டும். இன்னொன்று, அன்றைய திடீர் வெள்ள முன்னறிவிப்பு. அதில் நான்கு படிகள் உண்டு: எதிர்பார்ப்பில்லை, வரலாம், வரக்கூடும், எதிர்பார்க்கிறோம். எங்களுக்கு முதற்படி வாய்த்திருந்தது. அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, வானம் தலைக்குமேல் நீலமாக இருப்பதை நம்ப வேண்டாம், உங்கள் கண்ணுக்கு எட்டாத மேட்டில் பெய்யும் மழைதான் உங்களிடம் வரும் என்றார். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் என்ற சிறிய இடுக்கில் இறங்கிய ஏழு பேரும் அப்படி வந்த ஒரே வெள்ளத்தில் இறந்தார்கள். தெளிந்த நீர் கலங்கினால், சுள்ளியும் இலையும் மிதந்துவந்தால், இரைச்சல் கூடினால், எந்த யோசனையும் செய்யாமல் மேடேறி நிற்க வேண்டும் என்பது அவர் கடைசியாகச் சொன்னது.

அன்றிரவு பூங்கா வாசலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊரில் தங்கினோம். அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். “தண்ணிக்குள்ள நடக்கதுக்கா இம்புட்டுத் துட்டு? அவனையும் கூட்டிக்கிட்டு…” என்று தொடங்கி, பூட்ஸ், நியோப்ரீன் காலுறை, கைத்தடி என நாங்கள் வாடகைக்கு எடுத்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “ஆத்துல இறங்க செருப்புக்கு வாடகையா!” என்று முடித்தாள். எனக்கும் உள்ளூர அந்த எண்ணம்தான். பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணிக் கரையில் பிறந்து, நீந்தத் தெரிந்த பிறகுதான் எழுதத் தெரிந்தவன் நான். ஆற்றில் நடக்க ஒருவர் எனக்குத் தடி கொடுப்பதாவது!

மருமகன் மேசைமேல் பொருள்களைப் பரப்பி, தண்ணீர் புகாத பைகளில் ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தான். அந்தப் பைகளுக்கு ஜிப் இல்லை. வாயை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, விளிம்பை இறுக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் வளைத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். “மூணு சுத்து மாமா. ரெண்டு இல்ல, மூணு” என்று இரண்டு முறை செய்து காட்டினான். கட்டுச்சோறு கட்டுவதுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நானும் செய்தேன்.

காலை ஆறேகாலுக்கு வேன் புறப்பட்டது. ஒன்றரை மணி நேரம், பாதி தார்ச்சாலை, மீதி செம்மண் பாதை. பீனிக்ஸின் வெயிலிலேயே பதினைந்து ஆண்டுகளைக் கழித்தவனுக்கு செப்டம்பர் இறுதியின் அந்தக் குளிர் பல்லைக் கிட்டிக்க வைத்தது. இறக்கிவிட்ட இடத்தில் ஆறு என்று சொல்ல எதுவும் இல்லை. ஓர் ஓடை இருந்தது. சற்று ஓடிவந்து தாண்டினால் அக்கரை. நான் மருமகனைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

முதல் மூன்று மைல் அப்படியே போயிற்று. தனியார் நிலம் என்பதால் வண்டிப்பாதையை விட்டு விலகக்கூடாது. வழியில் வேலிக்கதவு இருந்தால், மூடியிருந்ததை மூடியபடியும் திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டுப்போக வேண்டும். மாடுகள் எங்களைத் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. புல்லாக் குடில் என்ற பழைய மரவீட்டின் மிச்சத்தைத் தாண்டிய பிறகு பாதை மெலிந்துகொண்டே வந்து, ஒரு திருப்பத்தில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கி முடிந்துபோனது. அக்கரையில் அது தொடர்கிறதா என்று பார்த்தேன். தொடர்ந்தது, இருபதடி தூரத்துக்கு. பிறகு மீண்டும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு அன்று முழுவதும் பாதை என்பது ஆறுதான். ஒரு கரையில் சுவர் முட்டும்போது மறுகரைக்குக் கடப்பது, அங்கே சுவர் முட்டும்போது இக்கரைக்குத் திரும்புவது, இரு பக்கமும் சுவர் முட்டினால் நடுவிலேயே நடப்பது. கடந்த தடவைகளை எண்ணத் தொடங்கி, அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

தண்ணீர் கணுக்காலளவுதான். சில இடங்களில் முழங்கால். ஆனால் என் தாமிரபரணிக் கல்வி முதல் அரைமணி நேரத்திலேயே பயனற்றுப்போனது. நான் பழகிய படித்துறைக்கு அடியில் மணல் இருந்தது. இங்கே அடியில் இருப்பது உருண்டைக் கற்கள். நார் உரித்த தேங்காயளவு முதல் அரிசி மூட்டையளவு வரை. ஒன்றும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய பாசி. காலை வைத்தால் கல் உருளும், அது உருளவில்லை என்றால் கால் வழுக்கும், இரண்டும் இல்லை என்றால் இரு கற்களுக்கு இடையில் பூட்ஸின் முனை சிக்கும். பதினான்கு கிலோ முதுகில் இருக்கும்போது, உடல் தடுமாறுவதற்கும் மூட்டை தடுமாறுவதற்கும் நடுவே அரை விநாடி இடைவெளி இருக்கிறது. அந்த அரை விநாடி கழித்து மூட்டை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நாமும் போவோம். இரு கைகளாலும் தடியை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஊன்றி, அதைச் சாய்ந்து நின்றுகொண்டு, கண்ணால் பார்க்காமல் காலால் துழாவி இடம் கண்டுபிடித்து, எடையை மெதுவாக மாற்றி, பிறகு தடியை எடுத்து அடுத்த இடத்தில் ஊன்றுவதுதான் நடை. வாடகைத் தடியைப் பற்றி நான் முந்திய இரவு நினைத்ததை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

“பைய வாங்க மாமா, யாரும் துரத்தல” என்றான் மருமகன். பீனிக்ஸை ஒட்டிய டெம்பேயில் மேற்படிப்புப் படிக்கவந்து இரண்டாண்டு ஆகியும் அவன் வாயில் இன்னும் எங்கள் ஊர் ‘பைய’ இருக்கிறது. மெதுவாக என்பதைவிட அந்தச் சொல்லில் ஒரு கவனமும் சேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும். அன்று அது சரியான சொல்.

ஒரு மணி நேரம் போன பிறகு, நீரின் மேற்பரப்பைப் படிக்கத் தொடங்கினேன். சலசலவென்று வெள்ளையாக உடையும் இடம் பார்க்க அச்சமூட்டினாலும் அங்கே ஆழமில்லை. கல் மேலே இருப்பதால்தான் நீர் உடைகிறது. கண்ணாடிபோல் வழவழப்பாக ஓடும் இடத்தை நம்பக்கூடாது. பாறைச் சுவரை ஒட்டி வளையும் வெளிவளைவில் நீர் அரித்து அரித்து ஆழம் கண்டிருக்கும். உள்வளைவில் மணலைப் படியவிட்டிருக்கும். வெளிர்பழுப்பு நிறத்தில் தெரிந்தால் முழங்கால், பச்சையாகத் தெரிந்தால் இடுப்பு, நிறமே தெரியாமல் கறுத்திருந்தால் சுற்றிப்போக வழி தேட வேண்டும். இதையெல்லாம் மருமகன் முதலிலேயே சொல்லியிருந்தான். சொல்லிக் கேட்டதற்கும் காலுக்குத் தெரிவதற்கும் இடையே சில விழுக்காடுகள் வித்தியாசம் உண்டு. விழுக்காடு என்ற சொல் இங்கே எவ்வளவு பொருத்தம் என்பதை இதற்குமுன் நான் கவனித்ததில்லை.

சுவர்கள் எப்போது உயர்ந்தன என்று சொல்லத் தெரியவில்லை. குனிந்தே நடந்துகொண்டிருந்தவன் ஒருமுறை நிமிர்ந்தபோது, வானம் ஆற்றைப் போலவே ஒடுங்கி, அதே வளைவுகளுடன் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பகலில் சற்றுநேரம் மட்டும் ஏதாவதொரு வளைவில் வெயில் அடிவரை இறங்குகிறது. மற்ற நேரமெல்லாம் ஒரு சுவரின் உச்சியில் படும் ஒளி எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, செம்பும் மஞ்சளுமாகக் கசிந்து கீழே வருகிறது. பாறையில் சாய்வான கோடுகள். ஒரு தொகுதி இடப்பக்கம் சாய்ந்தால் அதன்மேல் அடுத்த தொகுதி வலப்பக்கம். நவாஹோ மணற்பாறை என்று இதற்குப் பெயர். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே பரந்து கிடந்த பாலைவனத்தின் மணற்குன்றுகள், காற்றடித்த திசைக்கேற்பச் சரிந்து படிந்தது அப்படியே இறுகிப் பாறையானதுதான் அந்தக் கோடுகள். தேரிக்காட்டில் காற்று மணலை ஏற்றிச் சரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாய்வு உடனே பிடிபடும்.

பூங்காவின் கீழ்ப்பகுதியில் இதே ஆறு அகன்ற பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்க, இங்கே மட்டும் ஏன் இடுக்கு என்ற கேள்வி எனக்கு இருந்தது. விடை அடியில் இருக்கிறது. மணற்பாறைக்குக் கீழே கயென்டா என்ற, களிமண் கலந்த மென்மையான பாறையடுக்கு இருக்கிறது. கீழ்ப்பகுதியில் ஆறு அதுவரை வெட்டி இறங்கிவிட்டதால், அந்த மென்மையான அடுக்கு கரைந்து அகன்று, ஆதாரம் இழந்த மேற்சுவர் பாளம் பாளமாக இடிந்து விழுந்து, பள்ளத்தாக்கு விரிகிறது. நேரோஸில் ஆறு இன்னும் மணற்பாறைக்குள்ளேயே இருக்கிறது. உறுதியான பாறை இடிந்து விழாமல் நிற்பதால் ஆறு கத்தியைப்போல் நேராகக் கீழே மட்டும் இறங்குகிறது. கத்தி என்றாலும் வெட்டுவது தண்ணீரன்று, அது தூக்கிவரும் மணல். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட மண்ணையும் மணலையும் வர்ஜின் ஆறு இங்கிருந்து வெளியேற்றுகிறது. ஆனால் 45 கன அடி ஓடும் நாள்களில் இந்த வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. வெள்ளம் வரும் சில மணி நேரங்களில்தான் நடக்கிறது. அதற்கான சான்றை ஒரு வளைவில் பார்த்தோம்: இரு சுவர்களுக்கும் குறுக்கே உத்தரம் வைத்ததுபோல் ஒரு முழு மரத்தண்டு சிக்கி நின்றது, எங்கள் தலைக்குமேல் இன்னும் இரண்டு ஆள் உயரத்தில். அதை யாரும் ஏற்றி வைக்கவில்லை. அதன் கீழே நடந்து கடக்கும்போது நாங்கள் இருவரும் பேசவில்லை.

மதியச் சோற்றுக்கு ஒரு மணல்திட்டில் உட்கார்ந்தோம். முந்திய நாள் விடுதியில் கிளறிய புளிச்சோறு. ஆற்று நீரைக் குடிப்பதில்லை என்பதால் ஆளுக்கு நான்கு லிட்டர் சுமந்து வந்திருந்தோம். 2020 முதல் இந்த ஆற்றில் நஞ்சு சுரக்கும் நீலப்பச்சைப் பாசி இருப்பதாகப் பூங்கா எச்சரித்துவருகிறது. கையடக்க வடிகட்டி கிருமிகளைத் தடுக்குமே தவிர, அந்த நஞ்சைத் தடுப்பதில்லை. பளிங்குபோல் ஓடும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, மூட்டையிலிருந்த தண்ணீரை அளந்து அளந்து குடித்தது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. எதிரே ஒரு சாம்பல்நிறக் குருவி பாறைமேல் நின்று முழங்காலை மடக்கி மடக்கி வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஓட்டத்துக்குள் நடந்து மறைந்து, இரண்டு முழம் தள்ளி நனையாததுபோல் வெளிவந்தது. டிப்பர் என்ற பறவை அது. ஆற்றில் எங்கள் மூவரில் நடக்கத் தெரிந்தது அதற்கு மட்டும்தான்.

ஈரம் ஊறிய கழுத்துக்குத் துவைத்த துண்டு வேண்டும் என்று, உறக்கப் பை இருந்த தண்ணீர் புகாத பையைத் திறந்தேன். துண்டை எடுத்துவிட்டு மூடினேன். கைவிரல்கள் விறைத்திருந்தன, மருமகன் ஏற்கெனவே மூட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினேன்.

“மூணு சுத்து சுத்துனீங்களா மாமா?”

“சுத்தினேன்.”

ஐம்பத்தொரு வயதில், அக்கா மகனிடம், ஒரு துணிப்பையின் வாயைப் பற்றி ஏன் பொய் சொன்னேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கமில்லை.

எட்டாவது மைல் வாக்கில் ஆறு ஒரு பாறைப்படியிலிருந்து அருவியாக விழுகிறது. நேராக இறங்க முடியாது. இடப்பக்கம் பெரும்பாறை ஒன்று சுவரிலிருந்து விலகி நிற்க, இரண்டுக்கும் நடுவே மூட்டையோடு ஒருவர் உரசிக்கொண்டு இறங்கும் அளவுக்கு ஒரு பிளவு இருக்கிறது. அது தெரியாதவர்களுக்கு அந்த இடத்தில் நடை முடிந்தது என்றே தோன்றும். பிளவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது அருவியின் இரைச்சல் முழுவதும் அடங்கி, என் மூச்சு மட்டும் கேட்டது.

அங்கிருந்து சிறிது தொலைவில், வலப்பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு டீப் கிரீக் என்ற ஓடை வந்து சேர்கிறது. ஓடை என்பது பெயர்தான். நாங்கள் அதுவரை நடந்துவந்த ஆற்றைவிட அதில் தண்ணீர் மிகுதி, குளிரும் மிகுதி. இரண்டும் கலக்கும் இடத்தில் இடுப்புக்குக் கீழே சட்டென்று வேறொரு பருவம் தொடங்கியதுபோல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேஞ்சர் சொன்ன 45 கன அடி, ஸ்பிரிங்டேல் அருகே, எல்லா ஓடைகளும் ஊற்றுகளும் சேர்ந்த பிறகு அளந்த கணக்கு. காலையிலிருந்து நான் ஏளனமாகவும் பிறகு மரியாதையாகவும் கடந்துவந்தது அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே. அந்த 45-ஐ நோக்கி இப்போதுதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

எண் பெரிதாக வேண்டியதில்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. தாமிரபரணி எங்கள் ஊரருகே அகன்று கிடக்கிறது. வந்த தண்ணீர் பரவிக்கொள்ள இடமிருக்கிறது. இங்கே இடமில்லை. மைலுக்கு ஐம்பது முதல் எண்பது அடி வரை சரிந்திறங்கும் ஆறு, இரண்டு சுவர்களுக்கு நடுவே, வேறு போக்கில்லாமல், நின்றவனின் இடுப்பு வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 45 கன அடி என்றால் விநாடிக்கு ஒன்றேகால் டன். அதில் பாதி என் மேல் மோதினாலே போதும்.

மோதியது. கலப்பிடத்திலிருந்து நான்காவதோ ஐந்தாவதோ கடப்பில், மருமகன் வெள்ளையாக உடையும் மேட்டு வழியாகச் சுற்றிப் போனான். எனக்குக் களைப்பு. நேர் எதிரே, பத்தடி அகலத்தில், வழவழப்பாக, பச்சையாக ஓடிய இடம் குறுக்குவழியாகத் தெரிந்தது. பச்சை என்றால் இடுப்பு என்று நானே கண்டுபிடித்த விதியை, இடுப்புத்தானே என்று தள்ளிவிட்டு இறங்கினேன். மூன்றாவது அடியில் தடிக்குத் தரை தட்டவில்லை. தடியைச் சாய்ந்து நிற்பதற்கு மாறாக, தடியைப் பின்தொடர்ந்து நானும் போனேன். தண்ணீர் காதுக்குள் புகுந்த குளிர்தான் முதலில் நினைவிருக்கிறது, வலிபோல. பிறகு மூட்டை. நான் மூழ்க அது மிதந்தது; முகம் கீழாக, முதுகு மேலாக, ஆமையைக் கவிழ்த்ததற்கு எதிர்மாறாக என்னை வைத்து, வளைவு வரை உருட்டிக்கொண்டுபோய், உள்வளைவு மணலில் ஒதுக்கியது. நீச்சல் தெரிந்ததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பதினைந்து விநாடிகூட ஆகியிருக்காது.

மருமகன் கரையோடு ஓடிவந்து என் மூட்டையின் வாரைப் பிடித்துத் தூக்கினான். “அடி பட்டிருக்கா? கையை மடக்குங்க. முழங்காலை மடக்குங்க.” மடக்கினேன். எதுவும் முறியவில்லை. தடி மட்டும் எங்களுக்கு முன்பாகப் போய்க்கொண்டிருந்தது. அதை அடுத்த வளைவில் கட்டைக் குவியலில் மீட்டோம். அவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கடப்பிலும் மேலோட்டப் பக்கம் அவன் நின்றுகொண்டு, என் கையைத் தன் தோள்மேல் வைக்கச் சொன்னான். இந்தப் பையனை நான் தோளில் வைத்துக்கொண்டு இதைவிட எளிய ஆறு ஒன்றில் இறங்கியிருக்கிறேன். அதை அப்போது சொன்னால் நன்றாக இருக்காது என்று சொல்லவில்லை.

எங்கள் முகாமிடம் ஆற்றிலிருந்து ஆறேழு அடி உயர்ந்த மணல்மேடு. மேப்பிள் மரங்கள் சில நின்றன. நுனி இலைகள் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தன. சுவர் அடியில், பாறை கசியும் கோடு நெடுக அரைஞாண்போல் பெரணிச்செடி. மேட்டில் பெய்யும் மழை இந்தப் பாறைக்குள் துளித்துளியாக இறங்கி இப்படிக் கசிவாக வெளிவர ஆயிரம் ஆண்டுக்கு மேலும் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். இரண்டு துளிக்கு நடுவே எண்ணிப் பார்த்தேன், நான்கு வந்தது. பல் கிட்டிக்கொண்டிருந்ததால் கணக்கு உறுதியில்லை.

உடைமாற்ற மூட்டையைப் பிரித்தபோது, எதிர்பார்த்ததுதான். உடைகள் இருந்த பை காய்ந்திருந்தது. அது காலையில் மூன்று சுற்றோடு கட்டியது. உறக்கப் பை இருந்த பையின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் நின்றது. கால்மாட்டுப் பக்கம் முழங்கால் வரை நனைந்து கனத்திருந்தது. மருமகன் அதைக் கையில் வாங்கி, பையின் வாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு பேருமாக முறுக்கிப் பிழிந்தோம். நேரோஸில் நெருப்பு மூட்ட அனுமதியில்லை. அவன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, “காலை இதுக்குள்ள விட்டுக்கிட்டு, அப்புறம் பைக்குள்ள போங்க” என்றான். சட்டைக் கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, சிறு அடுப்பில் கொதித்த தண்ணீரை ஊற்றிய பொட்டல உப்புமாவைத் தின்றேன். உப்புக் குறைவு. ஆனாலும் இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கித் தின்றேன்.

இருட்டுவதற்கு முன் அவன் ஒரு வேலை செய்தான். கைத்தண்டியான ஒரு குச்சியை நீர்விளிம்பில் ஊன்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கத்தியால் ஒரு கோடு கீறினான். இரவில் யாருக்கு விழிப்புத் தட்டினாலும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்றான். மேட்டூரில் அளவுகோல் பார்ப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு, எனக்கு என்ன உண்டு என்று கேட்டேன். நாளைக்குக் காலை காபி என்றான்.

மேலே வானம் ஒரு முழ அகல ஓடையாக இருந்தது. அதில் விண்மீன்கள் ஒரு சுவரிலிருந்து தோன்றி, சற்று நேரத்தில் மறுசுவருக்குள் போய்விட்டன. இரைச்சல் ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டே படுத்திருந்தால் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் அது கூடிவிட்டதாகத் தோன்றியது. மூன்று முறை எழுந்தேன். மூன்றாம் முறை எழுந்தபோது மணி இரண்டரை. கம்பளிச் சட்டைக்குள் இருந்த கால்களைக் கழற்றி, பூட்ஸை மாட்டாமலே மணலில் நடந்துபோய், குனிந்து விளக்கடித்தேன். குச்சியைச் சுற்றித் தண்ணீர் ஒரு சிறு சுழிப்போடு போய்க்கொண்டிருந்தது. அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. அவனும் தூங்கவில்லை.

“எவ்வளவு மாமா?”

“அதே கோடுதான்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

திரும்பவும் குனிந்து பார்த்துவிட்டு, பார்த்தேன் என்றேன்.